தப்பு விடைக்கு ஒரு பிள்ளை

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளிக்கு நாலு டிரெய்னிங் டீச்சர்கள் வந்து சேர்வார்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்கள். நாற்பது நாள் நிஜமான வகுப்பில் நின்று பாடம் நடத்தினால்தான் அவர்களுக்குச் சான்றிதழ். தலைமையாசிரியை அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாலாம் வகுப்பு பேச்சியம்மாளிடம் அனுப்பி வைப்பார். பேச்சியம்மா டீச்சரைப் போல எடுத்துச் சொல்ல இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை என்று கூடவே ஒரு புகழ்ச்சியும் வரும். வேலையை அடுத்தவர் தலையில் கட்டுகிறவர்கள் புகழ்ச்சியில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுவதே இல்லை. பதினேழு வருஷமாக இதுதான் நடக்கிறது.

1984 ஜனவரியில் பேச்சியம்மாளுக்கு வயது நாற்பத்தேழு. அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக்காரி. நிலக்கரி மைன்ஸில் மெக்கானிக்காக வேலை கிடைத்த சங்கரலிங்கத்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து இருபத்துமூன்று வருஷம் ஆகியும் நாக்கு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு பச்சைப் பச்சையாகச் சுருண்டு புடைத்திருந்தது. நின்று நின்று வந்தது அது. பிள்ளைகள் மேல் அவளுக்குச் சலிப்பு வந்ததில்லை. சொன்னதையே சொல்வதில்தான் சலிப்பு. வாய் தன்பாட்டில் பேசிக்கொண்டிருக்க, மனசு வீட்டில் ஊறப்போட்ட அரிசியைப் பற்றி யோசிக்கும்.

வருகிற மே மாதம் தலைமையாசிரியை ஓய்வு பெறுகிறார். அடுத்த இடம் பேச்சியம்மாளுக்கு என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பதவிமேல் அவளுக்குப் பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. அந்த அறையில் கைவைத்த நாற்காலி ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தால் நாள் முழுக்க நிற்க வேண்டாம். மிச்சமிருக்கிற பத்துப் பதினோரு வருஷத்தை உட்கார்ந்து ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் அவள் வேண்டிக்கொண்டது. வேண்டுதல் சின்னதுதான். ஆனால் அதை அவள் ரொம்பப் பலமாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

டிரெய்னிங் டீச்சர்களுக்குப் புத்திமதி சொல்வது எப்போதும் முதல் நாள் மத்தியானம், தேசப்படங்கள் சுருட்டி வைத்திருக்கிற சின்ன அறையில். முதலில் காலைப் பற்றி. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், பிள்ளைகள் எழுதும்போது உட்கார்ந்துவிடுங்கள், நின்றுகொண்டே இருந்ததற்காக யாருக்கும் யாரும் மாலை போட்டதில்லை. அடுத்து ஷிப்ட். பேச்சியம்மாளின் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருக்கும். அந்த வாரம் அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு எந்த ஷிப்ட் என்பதுதான் அது. மூன்று என்றால் நைட் ஷிப்ட். பகலில் அப்பா தூங்குகிற இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் பிள்ளைகள் கிசுகிசுவென்றுதான் பேசப் பழகுவார்கள். அந்த வாரம் பள்ளிக்கூடத்திலும் அதே குரல்தான் வரும். அந்தப் பிள்ளையைப் போய்ச் சத்தமாகச் சொல் என்று அதட்டினால், வருகிற குரலும் உள்ளே போய்விடும். வருகிற பெண்கள் வருஷா வருஷம் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பத்து நாளில் அவர்களே பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட அவர்கள் கவனமாக எழுதிக்கொள்வது கடைசியாகச் சொல்கிற ஒன்றைத்தான். அது தப்பு விடை.

பயிற்சிப் பள்ளியிலிருந்து கோபாலகிருஷ்ணன் சார் கையில் கோப்போடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெண்ணும் பாடம் நடத்துவதை இரண்டு முறை பார்ப்பார். முறைக்கு ஐம்பது மார்க். இரண்டையும் கூட்டி ஐம்பது வாங்கினால் தேறலாம். அவர் கையில் இருக்கும் தாளில் பத்துக் கட்டம். குரல், கரும்பலகை, சார்ட் என்று வரிசையாகப் போகிற கட்டங்களில் ஒன்று, மாணவரின் பிழையான விடையைக் கையாளும் திறன். அதற்கு ஐந்து மார்க். சார் வருகிறார் என்றால் ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்தைத்தான் யாரும் நடத்துவார்கள். பிள்ளைகள் எல்லோரும் சரியாகவே சொல்லிவிடுவார்கள். தப்பே வராத வகுப்பில் தப்பை எப்படிக் கையாள்வது? ஆரம்ப வருஷங்களில் ஒரு பெண் அந்த ஐந்து மார்க்கில்தான் தவறிப்போனாள். அழுதுகொண்டே பஸ் ஏறிய அவளைப் பார்த்த பிறகு பேச்சியம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தப்பு விடை சொல்வதற்கென்றே ஒரு பிள்ளையைத் தயார் செய்வது.

தாவரம் தண்ணீரை எதன் வழியாக எடுத்துக்கொள்கிறது என்று கேள்வி. அந்தப் பிள்ளை எழுந்து இலை வழியாக என்று சொல்ல வேண்டும். வகுப்பு சிரிக்கும். டீச்சர் வகுப்பை அமர்த்தி, சார்ட்டைக் காட்டி, அன்பாக விளக்குவாள். வேறொரு பிள்ளை வேர் என்று சொல்லும். முதல் பிள்ளை மறுபடி எழுந்து வேர் என்று திருத்திச் சொல்லிவிட்டு உட்காரும். ஐந்துக்கு ஐந்து. அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் யாருக்கும் மார்க் குறையவில்லை.

அந்த வருஷமும் பேச்சியம்மாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தைரியமான பிள்ளையாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், ஆதிலட்சுமி என்று ஒருத்தி இருக்கிறாள், இரண்டாம் வகுப்பில் டிரெய்னிங் டீச்சர்கள் பாடம் எடுத்தபோதிருந்தே இந்த வேலையில் பழகியவள் என்று சொல்லிவிட்டு, கேள்வியைச் சொல்லத் தொடங்கினாள். கதவோரம் உட்கார்ந்திருந்த மெலிந்த பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, இலை வழியா என்று சொல்ல வேண்டும் என்றாள்.

போன வருஷத்துப் பெண்கள் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று பேச்சியம்மாள் நினைத்தாள். மற்ற மூவரும் பண்ருட்டி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிய பிறகும் அந்தப் பெண் போகவில்லை. பெயர் வள்ளியம்மாள். அப்பா சாமிக்கண்ணு முன்பு பிறர் வயலில் கூலிக்கு உழுதவர், இப்போது மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். டவுன்ஷிப் எல்லையை ஒட்டின காலனியில் வீடு. இதையெல்லாம் அவள் சொல்லித்தான் பேச்சியம்மாளுக்குத் தெரிந்தது.

"உங்ககிட்டதான் டீச்சர் நாலாவது படிச்சன், எழுபத்திரெண்டுல" என்றாள் வள்ளியம்மாள். "இலை வழியான்னு நான்தான் சொல்லிக்கினு இருந்தன்."

பேச்சியம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். வருஷத்துக்கு நாற்பது முகம். எங்கேயும் இந்த முகம் அகப்படவில்லை. ஞாபகம் இருக்கிறது என்று பொய் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

வள்ளியம்மாள் கோபமாகப் பேசவில்லை, அதுதான் கேட்பதற்குக் கஷ்டமாக இருந்தது. டீச்சர் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னாளாம். அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் சொன்னாளாம். அந்த வருஷத்தோடு அது முடியவில்லை. 'தப்பு வள்ளி' என்கிற பெயர் அவள் கூடவே ஐந்தாம் வகுப்புக்கும் ஹைஸ்கூலுக்கும் போனது. சரியாகச் சொன்னாலும் சிரித்தார்கள். பிறகு அவள் கையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள்.

"தைரியமான புள்ளன்னு சொன்னீங்க டீச்சர். நானும் நம்பிக்கினுதான் இருந்தன். எட்டாவது படிக்கும்போதுதான் புரிஞ்சுது. எங்க வூட்டுலேருந்து யாரும் வந்து கேக்க மாட்டாங்க, அதுக்குத்தான் என்னை எழுப்புனீங்க."

இவ்வளவையும் சொல்லிவிட்டு, வருகிறேன் டீச்சர் என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பேச்சியம்மாளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். நேற்று வந்த பெண், மார்க்குக்காகத் தன் கையை எதிர்பார்த்து நிற்கிற பெண், இப்படிப் பேசலாமா? யாருக்காகச் செய்தேன் அதை? எனக்கு அதில் என்ன லாபம்? வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் மனசுக்குள் வாதாடிக்கொண்டே போனாள். பகல் ஷிப்ட் முடிந்து வந்த சங்கரலிங்கம் கை கால்களில் ஒட்டியிருந்த கரித்தூளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னாள். சின்னப் பிள்ளைகள் எதையும் மறக்காது, நீ சாப்பிடு என்று அவர் சொன்னார். அவருக்கும் அலுப்பு. இரண்டு பேரும் மோர்ச் சோறு சாப்பிட்டார்கள்.

பாத்திரம் கழுவும்போதுதான் வாதம் தோற்றது. 1969இல் அவள் ஓர் என்ஜினியர் வீட்டுப் பையனை அந்த வேலைக்கு எழுப்பியிருந்தாள். மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் அவன் அம்மா தலைமையாசிரியை அறையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். என் பிள்ளையை முட்டாளாக்குகிறீர்களா என்று கேட்டாள். அதற்குப் பிறகு பெரிய குவார்ட்டர்ஸ் பிள்ளை எதையும் பேச்சியம்மாள் எழுப்பியதில்லை. சின்னக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைக்கூட எழுப்பியதில்லை. பர்மனென்ட் ஆட்களின் வீட்டு அம்மாக்களும் வந்து கேட்பார்கள். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பதினைந்து வருஷமும் கான்ட்ராக்ட் வீட்டுப் பிள்ளைகள்தான், காலனிப் பிள்ளைகள்தான். அப்படி வேண்டுமென்று ஒரு நாளும் நினைத்துச் செய்ததில்லை. கை தானாக அந்தப் பக்கம் நீண்டிருக்கிறது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அருவருப்பு வந்துவிட்டால் மட்டும் வேலை நடந்துவிடாது. மறுநாள் காலை வகுப்பு இருந்தது, நோட்டுத் திருத்த இருந்தது. வள்ளியம்மாளிடம் மன்னிப்பு என்கிற மாதிரி எதையோ சொல்ல ஆரம்பித்து, பாடக்குறிப்பு நோட்டில் தேதி போடவில்லை என்று சொல்லி முடித்தாள்.

முதல் பார்வையிடல் பத்தாம் நாள். மற்ற மூவரும் ஆதிலட்சுமியை எழுப்பினார்கள். சொல்லி வைத்த தப்பை அவள் சொன்னாள், காகிதத்தில் எழுதிக் கொடுத்தது போல எல்லாம் நடந்தது. வள்ளியம்மாள் மட்டும் யாரையும் தயார் செய்யாமல் கணக்கு நடத்தினாள். அவள் கேட்ட கேள்விகளுக்குப் பாதிப் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. சாரைப் பார்த்ததும் அவள் குரலும் இறங்கிவிட்டது. ஐம்பதுக்கு இருபத்திரண்டு.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் அவளைக் கூப்பிட்டுக் கணக்கைச் சொன்னாள். அடுத்த முறை இருபத்தெட்டு வாங்கினால்தான் உண்டு. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் என்பது அந்த வீட்டால் ஆகிற காரியமில்லை என்று வள்ளியம்மாளே ஏற்கெனவே சொல்லியிருந்தாள். தம்பி படிப்பை நிறுத்திவிட்டு முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். இந்த ஒரு தடவை மட்டும் ஆதிலட்சுமியை வைத்துக்கொள், வேலைக்குப் போன பிறகு உன் இஷ்டம் என்று பேச்சியம்மாள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. தான் எழுப்பிவிட்ட ஒரு பிள்ளை, பன்னிரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் விழப்போகிறதே என்ற பயம்.

வள்ளியம்மாள் தலையை ஆட்டினாள். ஆதிலட்சுமியை எழுப்ப அவளால் முடியாது. வேண்டுமானால் இன்னும் நடத்தாத பாடம் ஒன்றைக் கொடுங்கள் என்றாள். நடத்தாத பாடத்தைப் பார்வையிடல் அன்றைக்கு நடத்துகிறவளைப் பேச்சியம்மாள் இதுவரை கண்டதில்லை. பாடப் புத்தகத்தைப் புரட்டி, மண் வகைகள் என்ற பாடத்தைக் காட்டினாள்.

அதற்கு நடுவில் தைப்பூசம் வந்தது. வடலூருக்குப் போகிற கூட்டத்தில் பாதி டவுன்ஷிப் கிளம்பிப் போனது. பேச்சியம்மாள் காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஆதிலட்சுமியிடம், இனி நீ தப்பு சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். நினைத்தாளே ஒழிய, பள்ளிக்கூடம் திறந்த அன்று மறந்துவிட்டாள். மறுநாளும் மறந்துவிட்டாள்.

இரண்டாம் பார்வையிடல். கோபாலகிருஷ்ணன் சார் குள்ளஞ்சாவடியில் பஸ் மாறி வந்த களைப்போடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். பேச்சியம்மாள் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வள்ளியம்மாள் சார்ட் எதையும் மாட்டவில்லை. அடியில் ஓட்டை போட்ட மூன்று பால் டப்பாக்களை மேஜைமேல் வைத்திருந்தாள். ஒன்றில் மணல், ஒன்றில் செம்மண், ஒன்றில் களிமண். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், எந்த மண் வழியாகத் தண்ணீர் சீக்கிரம் இறங்கும் என்று கேட்டாள்.

பிள்ளைகள் டப்பாக்களை எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் சொல்லிக் கொடுக்காத கேள்வி. சார் பேனாவின் மூடியைக் கழற்றினார். அப்போது இரண்டாவது வரிசையில் ஆதிலட்சுமி எழுந்தாள். கோப்பு வைத்த சார் பின்னால் உட்கார்ந்திருந்தால், தான் எழ வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும்.

"களிமண்ணுங்க டீச்சர்" என்றாள்.

வகுப்பு பழக்கப்பட்ட மாதிரிச் சிரித்தது. தன் மறதி தன் கண்ணெதிரே எழுந்து நிற்பதைப் பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இதோடு முடித்துக்கொண்டாலும் போதும். சிரிப்பை அமர்த்தி, தண்ணீரை ஊற்றிக் காட்டித் திருத்தினால் ஐந்து மார்க் வந்துவிடும். கேட்காமலே வந்து விழுந்த ஐந்து மார்க். வள்ளியம்மா, திருத்திவிடு என்று அவள் மனசுக்குள் மன்றாடினாள்.

வள்ளியம்மாள் சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள். பிறகு ஆதிலட்சுமியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நெசமாவே தெரியாதா, இல்ல தப்பா சொல்லணும்னு சொல்றியா?"

ஆதிலட்சுமி மெதுவாகத் திரும்பி, வகுப்பின் கடைசியில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. அவள் பார்க்கிற திசையில் வகுப்பு முழுக்கத் திரும்பியது. சாரும் திரும்பினார்.

பேச்சியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து நிற்க எப்போதும் ஆகிற நேரம்தான் ஆனது. அவளுக்கு அது நாள் கணக்காகத் தோன்றியது.

"ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லுளா" என்றாள். "நான் சொல்லிக் குடுத்தத விட்டுரு."

ஆதிலட்சுமிக்கு நிறையத் தெரிந்திருந்தது. மணல்தான் தண்ணீரை உடனே குடிக்கும் என்றாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் அம்மா மணலைத்தான் கொட்டி வைத்திருக்கிறாள், முன்பு களிமண்ணாக இருந்தபோது தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்தது என்றாள். நிறுத்தாமல் மேலே போனாள். அப்பா வேலை செய்கிற மைன்ஸில் அடியிலிருந்து ராத்திரி பகலாகத் தண்ணீரை பம்ப் வைத்து இறைக்கிறார்களே, அவ்வளவு தண்ணீர் எந்த மண்ணில் நிற்கிறது என்று கேட்டாள். வள்ளியம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். எனக்குத் தெரியவில்லை, கேட்டு வந்து நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். பிறகு டப்பாக்களில் தண்ணீரை ஊற்றினாள். பிள்ளைகள் மேஜையைச் சுற்றி முண்டியடித்தார்கள். மணி அடிக்கும்போது பாடம் பாதிதான் முடிந்திருந்தது.

ஆசிரியர் அறையில் கோபாலகிருஷ்ணன் சார் தாளைக் கூட்டினார். ஒன்பது கட்டத்துக்கும் சேர்த்து இருபத்தாறு. நேரத்துக்குள் முடிக்கவில்லை என்பதில் குறைத்திருந்தார், சார்ட் இல்லை என்பதில் குறைத்திருந்தார். தப்பு விடைக் கட்டத்தில் பேனா நின்றது. தப்பே இல்லாத இடத்தில் எதைப் போடுவது என்று பேச்சியம்மாளிடமே கேட்டார். அந்தப் பிள்ளைக்குத்தான் விடை தெரிந்திருந்ததே.

பேச்சியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். பதினேழு வருஷத்தையும் சொன்னாள், யார் வீட்டுப் பிள்ளைகளை எழுப்பினாள் என்பதையும் சொன்னாள். சார் ஆச்சரியப்படவில்லை. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஏதோ ஒரு ஏற்பாடு உண்டு, எங்களுக்குத் தெரியாமலா, நான் படித்த காலத்தில் நானும் செய்ததுதான் என்றார். கட்டம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்ப ஏதாவது வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவரும் அவளும் ஒரே மாதிரி களைத்துப்போனவர்களாகத்தான் இருந்தார்கள்.

"உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் அந்தப் பிள்ளைகிட்ட ஒரு நாளும் கேக்கல. அந்தப் பொண்ணு கேட்டா. அதுக்கு மார்க்கு கெடையாதா சார்?" என்றாள் பேச்சியம்மாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மார்க் போட்டால் குறிப்பில் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் உங்கள் பெயர் வரும், அது மேலே போகும் என்றார். மே மாதம் யார் அந்த நாற்காலிக்கு வருகிறார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பேச்சியம்மாளின் கெண்டைக்கால் விண் விண்ணென்று தெறித்தது. எழுதுங்கள் என்றாள். அவர் மூன்று மார்க் போட்டார். இருபத்தொன்பது. வள்ளியம்மாள் ஒரு மார்க்கு வித்தியாசத்தில் தேறினாள்.

குறிப்பு மேலே போகத்தான் செய்தது. ஒரு விசாரணை, ஒரு விளக்கக் கடிதம், ஓர் எச்சரிக்கை. மே மாதம் அந்த நாற்காலியில் அவளைவிட ஆறு வருஷம் பின்னால் சேர்ந்த ஜானகியம்மாள் வந்து உட்கார்ந்தாள். பேச்சியம்மாளுக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். கல்யாண வீட்டுப் பந்தியில் தன் முறைக்கு முன்னால் இலை தீர்ந்துபோனவள் மாதிரி பல நாள் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. இதெல்லாம் பிறகு.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆதிலட்சுமி பையோடு வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பேச்சியம்மாள் வெளியே வந்ததும் பக்கத்தில் வந்தாள்.

"இனிமே நான் தப்பு சொல்ல வேணாங்களா டீச்சர்?"

வேண்டாம் என்றாள் பேச்சியம்மாள். பெண் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். ஆதிலட்சுமியின் முகம் சுண்டிப்போனது.

"நான் நல்லாத்தான சொல்லிக்கினு இருந்தன். வேற யாருக்குக் குடுத்தீங்க?"

யாருக்கும் கொடுக்கவில்லை, இனி அந்த வேலையே கிடையாது, உனக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும் என்று பேச்சியம்மாள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பெண் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை. வேலையிலிருந்து நின்றுவிட்ட ஆளைப் போலப் பையை மாட்டிக்கொண்டு காலனி பக்கம் நடந்தாள்.

மறுநாள் முதல் வகுப்பு கணக்கு. டிரெய்னிங் டீச்சர்கள் நாலு பேரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள், கோப்பு வைத்த சார் இல்லை. எட்டு ஏழு எவ்வளவு என்று பேச்சியம்மாள் கேட்டாள். கொஞ்சம் தயங்கி ஆதிலட்சுமியின் கை மேலே வந்தது. அவளை எழுப்பினாள்.

"ஐம்பத்தாறுங்க டீச்சர்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆதிலட்சுமி எழுந்தால் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. அவள் சொன்னது சரியா தப்பா என்று யாரும் கவனிக்கவில்லை. ஆதிலட்சுமியும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள். பின்னால் வள்ளியம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேச்சியம்மாள் அதட்டவில்லை. சிரிப்பு ஓயும்வரை கரும்பலகையில் கையை ஊன்றி நின்றாள். ஓய்ந்ததும் ஆதிலட்சுமியையே பார்த்து அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அவள் ஐம்பத்தாறு என்றாள். மறுபடி சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக. மூன்றாவது முறை கேட்டபோது ஏழெட்டுப் பேர்தான் சிரித்தார்கள். பேச்சியம்மாளுக்குக் கால் வலித்தது. நாற்காலி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. உட்காராமல் நாலாவது முறையும் கேட்டாள்.